கீழே விழுந்தது யாருக்கு?

மலாக்காவில் டுரியான் துங்கல் என்று ஓர் ஊர். ஒற்றை டுரியான் என்று பொருள். அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குப் பழப் பருவத்தில் ஒரு சட்டம் இருந்தது. வேலியோரத்து மரத்தில் தொங்கும்வரை பழம் மரக்காரருக்கு. இரவில் விழுந்துவிட்டால் முதலில் கைவைத்தவனுக்கு. 'தொப்' என்று சத்தம் கேட்டதும் லயத்திலிருந்து டார்ச் லைட்டோடு நாலைந்து பேர் ஓடுவோம். முள் குத்தினாலும் பரவாயில்லை, கைவைத்துவிட வேண்டும். அப்புறம் அதை உடைத்து எல்லாருமாகத்தான் தின்போம். ஆனால் சுளையை யார் பிரித்துக் கொடுப்பது என்ற உரிமை கைவைத்தவனுக்கே.

2001இல் பட்டணத்து சைபர் கஃபே ஒன்றில் டியாப்லோ 2 ஆட்டத்தை முதன்முதலாக ஆடியபோது, அதன் சட்டமும் இதேதான் என்று ஐந்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. பிசாசு செத்து விழும். அதன் உடம்பிலிருந்து வாளோ மோதிரமோ தெறித்துத் தரையில் கிடக்கும். ஆட்டத்தில் எட்டுப் பேர் வரை இருக்கலாம். யார் விரல் முந்துகிறதோ பொருள் அவனுக்கு.

டியாப்லோ வரிசையில் எது சிறந்தது என்ற கேள்வி ஆயர் குரோ மாமாக் கடைகளில் இன்றும் ஒரு தே தாரிக் ஆறும் நேரத்துக்கு ஓடக்கூடியது. நாற்பதைத் தாண்டியவன் இரண்டு என்பான். முப்பதுக்காரன் மூன்று என்று சொல்லிவிட்டு, 'அந்த எக்ஸ்பேன்ஷனோட சேர்த்து' என்று ஒட்டுப் போடுவான். இருபது வயதுத் தம்பி கைபேசியைக் காட்டுவான். கிராஃபிக்ஸ், கதை, இசை, பாத்திர வகைகள் என்று ஒப்பிட்டுப் பட்டியல் போடுவது எளிது. பல வருடம் நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்த வரிசையைப் பார்க்கிறேன்: செத்த பிசாசிடமிருந்து கீழே விழுந்தது யாருக்கு? இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு பாகமும் இந்தக் கேள்விக்குத்தான் வெவ்வேறு பதில் சொல்லி வந்திருக்கிறது. மற்றதெல்லாம் அதன் பின்னால் வருகிறது.

ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் நிலவறை. அதில் நீங்கள் ஒரு வீரன். சொடுக்கினால் வெட்டுவான், மறுபடி சொடுக்கினால் மறுபடி வெட்டுவான். கொன்றால் அனுபவப் புள்ளியும் பொருளும் கிடைக்கும். நல்ல பொருள் வந்தால் இன்னும் பெரிய பிசாசைக் கொல்லலாம், அது இன்னும் நல்ல பொருளைத் தரும். ஆட்டம் அவ்வளவுதான். இதை உட்கார்ந்து விவரிக்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் நம்பர் கடையில் நாலு எண் எழுதிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முடிவுக்குக் காத்திருக்கும் சித்தப்பாவுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை.

முதல் டியாப்லோ 1997 தொடக்கத்தில் கடைக்கு வந்தது. செய்தவர்கள் கலிஃபோர்னியாவில் காண்டோர் என்ற பெயரில் இருந்து, பிறகு பிளிசார்ட் நார்த் ஆன சிறிய குழு. அதன் தலைவர்களில் ஒருவரான டேவிட் பிரெவிக் சிறுவயதில் டியாப்லோ மலையருகே வளர்ந்தவர். ஆட்டத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. குனோங் லேடாங் அடிவாரத்து ஆசாகான் தோட்டத்துப் பையன் எவனாவது இதைச் செய்திருந்தால் உலகம் முழுக்க 'லேடாங் 4' என்று வரிசையில் நின்று வாங்கியிருக்கும் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்பது உண்டு. பிரெவிக் இதை முதலில் சதுரங்கம் போல முறைமாற்றி ஆடும் ஆட்டமாகத்தான் யோசித்தார். காய் நகர்த்தக் காத்திருக்காமல் சொடுக்கியதும் வெட்டு விழும்படி அவர் மாற்றியது ஒரே மதியத்தில் நடந்த வேலை. அந்த மதியத்தின் பலனைத்தான் நாம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த முதல் பாகத்தை நான் பின்னோக்கிப் போய்த்தான் ஆடினேன். அது வந்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் கணினி இருந்தது கிராணி வீட்டில் மட்டும்தான். டிரிஸ்ட்ராம் என்ற ஒரு சிற்றூர், அதன் தேவாலயத்துக்குக் கீழே பதினாறு தளம். வீரனுக்கு ஓடத் தெரியாது, நடக்க மட்டுமே தெரியும். இன்றைய பையன்களால் பத்து நிமிடம் பொறுக்க முடியாத அந்த நடைதான் அந்த ஆட்டத்தின் பயமே. பின்னால் மேட் யூல்மெனின் பன்னிரண்டு தந்திக் கிட்டார் ஒலிக்கும். முடிவில் வீரன் பிசாசைக் கொன்று, அது அடைபட்டிருந்த கல்லைத் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்வான், தனக்குள் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில். மேல்நாட்டுக்காரர்கள் இந்த முடிவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அது புதிதாக இல்லை. பேயை முடியோடு சேர்த்து மரத்தில் ஆணியடித்து இறக்குவதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆணியைப் பிடுங்கக் கூடாது என்றுதான் சொல்வார்கள். மரத்துக்குப் பதில் இவன் தன் தலையில் அடித்துக்கொண்டான், அவ்வளவுதான். அவன் கெடுவான் என்று எங்கள் பாட்டிகூடச் சொல்லியிருப்பாள். இரண்டாம் பாகம் அவன் கெட்டுப்போய் நாடோடியாக அலைவதில்தான் தொடங்குகிறது.

முதல் பாகத்தில் விழுந்தது யாருக்கு? கேள்விக்கே அர்த்தமில்லாமல் போயிற்று. பாத்திரத்தின் விவரமெல்லாம் ஆடுபவனுடைய கணினியிலேயே இருந்ததால் ஏமாற்றுவது சுலபம். ஒரு மோதிரத்தை இரண்டாக்கலாம், இரண்டை நூறாக்கலாம். எல்லாரிடமும் எல்லாம் இருந்தது. கதையையும் சூழலையும் வைத்தால் இந்த வரிசையின் உச்சம் அதுதான் என்பேன், தனியாக ஆடினால் மட்டும்.

டியாப்லோ 2 வெளியானது 2000 சூன் கடைசியில். லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் விரிவாக்கம் அடுத்த வருடம் அதே சூனில். மலாக்காவில் அது வந்து இறங்கிய இடத்தைச் சொல்லாமல் அதன் வெற்றியைச் சொல்ல முடியாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்துக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பட்டணத்துத் தாமான்களில் மலிவு விலை வீடு தேடிக்கொண்டிருந்த காலம். பத்து பெரண்டாம் தொழிற்சாலைகள் எழுபதுகளிலிருந்தே தோட்டத்துப் பெண்களை பஸ் வைத்து ஏற்றிக்கொண்டு போயின. என் அக்காவும் அங்கே ஷிஃப்டில் போனாள். கணினிக்குள் போகும் சில்லு செய்கிற வேலை. அவள் சம்பளத்திலிருந்து எனக்கு வாரத்துக்குப் பத்து வெள்ளி. அதை நான் அதே சில்லு பொருத்திய பெட்டியின் முன்னால் செலவழித்தேன். புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் 1996இல் டெலிகோம் பல்கலைக்கழகமாக வந்த பிறகு, மாணவர்களை நம்பி அந்தப் பக்கமெல்லாம் சைபர் கஃபே முளைத்தது. மாணவர்களுக்குப் பின்னால் எங்களைப் போன்றவர்கள் பள்ளிச் சட்டையை மாற்றிக்கொண்டு நுழைந்தோம்.

வீட்டில் இணையம் என்றால் 1515ஐச் சுழற்றி, கீச்சுக் குரலைக் கேட்டு, அம்மா ஃபோனைத் தூக்கினால் அறுந்துபோகிற டயல்-அப். கஃபேயில் அது தேவையே இல்லை. இரண்டாம் பாகத்தை ஒரே அறையில் உள்ள கணினிகளைக் கம்பியால் இணைத்தே ஆடலாம். பாத்திரம் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் சில கிலோபைட் கோப்பாக உட்கார்ந்திருக்கும். அடுத்த நாள் வேறு இடம் கிடைத்தால் அவன் இருக்க மாட்டான். அதனால் சட்டைப் பையில் ஃபிளாப்பி. பேருந்துக் காசு, அடையாள அட்டை, ஃபிளாப்பி: வீட்டை விட்டுக் கிளம்பும்போது இந்த மூன்றையும் தடவிப் பார்த்துக்கொள்வோம். மழையில் நனைந்து ஒருத்தனின் 70ஆம் நிலை வீரன் போய்விட்டான். அன்றைக்கு அவன் அழுததைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

பெயர் வைப்பது தனிச் சடங்கு. ஆட்டம் பதினைந்து எழுத்துக்குமேல் விடாது. என் மாமா மகன் தன் பார்பேரியனுக்குச் சங்கிலிக்கறுப்பன் என்று ஆங்கில எழுத்தில் அடித்தான். எண்ணிப் பார்த்தால் சரியாகப் பதினைந்து. எங்கள் தோட்டத்துச் சாமியே இடம் பார்த்து உட்கார்ந்ததுபோல இருந்தது. கோடரியோடு நிற்கும் அந்த முரட்டு உருவத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயரும் இல்லை.

ஒரு வேடிக்கை: உலகம் முழுக்க ரசிகர்கள் வெறுக்கிற, இரண்டாம் பாகத்தின் மூன்றாம் அங்கத்தை நாங்களும் வெறுத்தோம், ஆனால் எங்கள் காரணம் வேறு. குராஸ்ட் என்ற ஊரைச் சுற்றி ஆறும் சதுப்பும் அடர்காடும். வழி தெரியாமல் சுற்ற வேண்டும். ராட்சதக் கொசுக்கூட்டம் வேறு. காட்டை விட்டுப் பட்டணத்துக்கு வந்து, மணிக்கு இரண்டரை வெள்ளி கொடுத்து ஏசியில் உட்கார்ந்தால், மறுபடி காட்டுக்குள் கொசுக்கடியா என்று ஒருவன் கேட்டான்.

இனி, இரண்டாம் பாகத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுபவர்கள் மறைக்கிற கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அதன் ஆழம், ஆழம் என்கிறார்களே, அதில் பாதி அசௌகரியம். திறன் புள்ளியைத் தவறான இடத்தில் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை; அந்த வசதி 2010இல்தான் வந்தது, ஆட்டம் வந்து பத்து வருடம் கழித்து. பை சிறியது, ஓடினால் மூச்சு வாங்கும், அம்பு தீர்ந்துபோகும். ரூன் என்னும் மந்திரக் கற்களைச் சேர்த்து உருவாக்கும் ரூன் சொற்களைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவர்களில் உயர்ந்த ரூன் ஒன்றைத் தானே பிசாசிடமிருந்து எடுத்தவர்கள் மிகக் குறைவு. அவ்வளவு அரிது அது. எடிட்டர் வைத்து உருவாக்கிக்கொண்டவர்கள்தான் எங்களில் அதிகம். அப்புறம் அந்த மெஃபிஸ்டோ ஓட்டம். நிலவறையின் கடைசித் தளத்துக்குப் போய் மெஃபிஸ்டோவைக் கொன்று, விழுந்ததைப் பொறுக்கி, வெளியே வந்து, மறுபடி போய்க் கொல்வது. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை. பிற்பாடு வீட்டுக்குப் பழைய கணினி ஒன்று வந்தபோது, முப்பது வருடம் பால்மரம் வெட்டிய அப்பா என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "தெனம் அதே நெரையையே வெட்டுறே. எனக்காவது சம்பளம் போட்டான்" என்றுவிட்டுப் போனார். இந்த ஆட்டத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அப்படியும் ஏன் இரண்டு? தரையில் விழுந்த மோதிரத்துக்காக. ஜோர்டான் கல் என்று ஒரு மோதிரம். தங்கக் காசு அந்த ஆட்டத்தில் பொதி பொதியாகக் கிடைத்து மதிப்பிழந்துவிட, ஆடுபவர்கள் தாங்களாகவே அந்த மோதிரத்தை நாணயமாக்கிக்கொண்டார்கள். எந்த வடிவமைப்பாளரும் திட்டமிடாத பொருளாதாரம் அது. எங்கள் கஃபேயில் அது விழுந்த அன்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொடுக்கினோம். எடுத்தவன் வாய் திறக்கவில்லை. ஆனால் திரை அவன் முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலில் பார்த்தபோது, அவனே வந்து, "அடுத்தது விழுந்தா ஒனக்கு, நான் கை வைக்க மாட்டேன்" என்றான். அடுத்தது விழவே இல்லை என்பது வேறு விஷயம். திருட முடிந்ததால்தான் விட்டுக்கொடுக்கவும் முடிந்தது.

கஃபேயில் டியாப்லோ 2இன் ஆட்சி நீடிக்கவில்லை. கவுண்டர்-ஸ்டிரைக் பக்கத்து வரிசையைப் பிடித்தது. பிறகு டோட்டா வந்து எல்லா வரிசையையும் பிடித்தது. ஐந்துக்கு ஐந்து என்று மோதுகிற ஆட்டத்தில் ஒரு மணி நேரத்தில் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். மணிக்கணக்கில் காசு கொடுப்பவனுக்கு அது தோதாக இருந்தது.

டியாப்லோ 3 வந்தது 2012 மே 15 அன்று. பன்னிரண்டு வருடக் காத்திருப்பு. இணையம் இல்லாமல் தனியாகக்கூட ஆட முடியாது என்ற நிபந்தனையோடு வந்து, முதல் நாளே சர்வர் திணறி, 'எரர் 37' என்ற வாசகத்தை உலகப் பிரசித்தமாக்கியது. முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதி விற்ற ஆட்டத்தை அன்று பலரால் திறக்கவே முடியவில்லை. ஆனால் அந்தக் கோபம் சில நாளில் ஆறிவிட்டது. ஆறாதது ஏலக் கூடம். விழுந்த பொருளை ஆட்டத்துக்குள்ளேயே விற்கலாம். உண்மைப் பணத்துக்கும் விற்கலாம். இன்ஃபெர்னோ என்ற கடும் நிலையில் உங்களுக்குத் தேவையானது உங்கள் கையில் அநேகமாக விழாது. சந்தையில் வாங்கினால்தான் அடுத்த வாசல் திறக்கும். விழுந்தது யாருக்கு என்ற கேள்விக்கு இந்தப் பாகத்தின் முதல் பதில்: சந்தைக்கு. பிசாசைக் கொல்வதைவிட விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பது லாபம் என்று ஆனதும் ஆட்டம் செத்துவிட்டது. செய்தவர்களே அதை ஒப்புக்கொண்டு 2014 மார்ச் 18 அன்று ஏலக் கூடத்தை மூடினார்கள்.

ஒரு வாரம் கழித்து, மார்ச் 25 அன்று ரீப்பர் ஆஃப் சோல்ஸ் என்ற விரிவாக்கம் வந்தது. இங்கேதான் என் தலைமுறையோடு நான் முரண்படுகிறேன். வெட்டும் குத்தும், மாங்க் என்ற துறவி வீரனின் முஷ்டி பட்டுப் பிசாசு சுவரில் மோதும் சத்தமும், திறன்களை நினைத்தபோது மாற்றிப் பார்க்கும் சுதந்திரமும் சேர்த்துக் கையில் பிடித்து ஆடுவதற்கு இதைவிட நல்ல டியாப்லோ இல்லை. இரண்டாம் பாகமும் இல்லை. பிளேஸ்டேஷனில் ஒரே சோபாவில் நான்கு பேர் ஆடலாம். தீபாவளி லீவில் என் அக்கா பிள்ளைகளோடு அப்படித்தான் ஆடினோம். சண்டையே வரவில்லை, ஏனென்றால் அவரவருக்கு விழுவது தனித்தனி. என்னுடையதை இன்னொருவன் எடுக்க முடியாது. 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பதை அப்படியே நிரலாக எழுதிவிட்டார்கள். கொடுக்க நினைத்தால்? உயர்ந்த பொருளைக் கூட இருந்து ஆடியவருக்கு மட்டும், இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அது உங்களோடு ஒட்டிக்கொள்ளும். காலாவதித் தேதி போட்ட தாராளம். அக்கா பிள்ளைகள் அதைக் குறையாக நினைக்கவில்லை. நான்தான் விழுந்த பொருளைப் பார்த்ததும் பழக்கத்தில் பரபரத்து, பிறகு யாரும் போட்டிக்கு இல்லை என்று நினைவு வந்து, நிதானமாக எடுத்தேன்.

கைபேசிக்கு வந்த டியாப்லோ இம்மார்ட்டல் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 2018இல் ரசிகர் கூட்டத்தின் நடுவே இதை அறிவித்தபோது அரங்கம் முணுமுணுத்தது. உங்களிடம் கைபேசி இல்லையா என்று மேடையிலிருந்து கேட்ட கேள்வி இன்றுவரை கிண்டலாக உலவுகிறது. 2022இல் வெளியானது. கைபேசிக்கு இவ்வளவு வழவழப்பான ஆட்டம் வியப்புதான். ஆனால் பலம் ரத்தினக் கற்களில் இருக்கிறது, நல்ல ரத்தினத்துக்கான வாய்ப்பு காசில் இருக்கிறது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் சூதாட்டச் சட்டத்தை நினைத்து வெளியிடவே இல்லை. நம் சித்தப்பாவின் நம்பர் கடை இதைவிட நேர்மையானது: நாலு எண், ஒரு பரிசுப் பட்டியல், கடைக்கு மூடும் நேரமும் உண்டு.

டியாப்லோ 4, 2023 சூனில் வந்து ஐந்து நாளில் 66 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றது. 666 என்ற எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள அவர்கள் தவறவில்லை. படமாக எடுத்துக்கொண்டால் வரிசையிலேயே அழகானது. பனியும் சேறும் இரத்தமும் முதல் பாகத்தின் இருட்டைத் திரும்பக் கொண்டு வருகின்றன. உலகைப் படைத்த தாயான லிலித்தை வில்லியாக வைத்ததும் நல்ல யோசனை. அவள் பேசும்போது பிள்ளைகள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று சந்தேகமே வருகிறது. ஆனால் நீங்கள் வளர வளர உலகமும் கூடவே வளர்வதால் வளர்ந்த உணர்வே இல்லை. முதல் பெரிய திருத்தம் எல்லாரையும் பலவீனமாக்கி வசவு வாங்கியது. பொருள் முறையைச் சீராக்க 2024 மே வரை ஆயிற்று. வழியில் அந்நியர்கள் குதிரையில் கடந்து போகிறார்கள், கூடச் சேர்ந்து ஒரு பெரிய பிசாசை அடிக்கிறார்கள், அவரவருக்கு விழுந்ததை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறார்கள். விமான நிலையத்தில் பெட்டி வரும் பட்டையைச் சுற்றி நிற்பதுபோல. 2024 அக்டோபர் விரிவாக்கத்தில் குராஸ்ட் காடு திரும்ப வந்தபோது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தி: "டேய், மறுபடியும் தோட்டத்துக்கு மாத்திட்டானுங்க."

முதல் பாகத்தை நான்காவதற்கு மேலே வைப்பேன். ஆடுவதற்கு ரீப்பர். ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இரண்டுதான். அதன் எல்லாக் கோளாறோடும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ரிசரெக்டட் என்ற பெயரில் அதைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். ஒரு பொத்தானைத் தட்டினால் பழைய உருவம், மறுபடி தட்டினால் புதியது. இசை அதே, காடு அதே, கொசுவும் அதே. தரையில் விழுந்ததை முதலில் தொட்டவனுக்கு என்ற சட்டத்தையும் மாற்றவில்லை. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டார்கள்: ஒரே அறையில் கணினிகளைக் கம்பியால் இணைத்து ஆடும் வழியை. நினைத்தாலும் பழைய கஃபேயை அதில் கட்ட முடியாது. முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க யாரும் இல்லை.

சங்கிலிக்கறுப்பன் இப்போது ஜொகூர் பாருவில் இருக்கிறான். தினமும் விடியற்காலை மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். வெள்ளிக்கிழமை இரவு மட்டும் ஆட முடியும். ஹெட்ஃபோனில் அவன் குரல், பின்னால் அவன் மகள் பாடம் படிக்கும் சத்தம். போன மாதம் ஒரு ராத்திரி, காட்டைத் தாண்டி, மெஃபிஸ்டோவைக் கொன்று, பால் என்ற பிசாசு வரைக்கும் போய், அங்கே உயர்ந்த ரூன் ஒன்று விழுந்தது. இருபது வருடத்தில் நேரில் நான் பார்த்த முதல் உயர்ந்த ரூன். நான் சொடுக்கினேன். அவனும் சொடுக்கினான்.

"ஒனக்கு லைன் ஸ்லோடா" என்றான்.

தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா சோபாவிலிருந்து, "என்னடா, அவன் எடுத்துட்டானா?" என்று கேட்டாள். ரூன் இன்னும் அவன் பெட்டியில்தான் இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை கேட்க வேண்டும்.